நியூட்டனா, லைப்னிட்ஸா, ஃபெர்மாவா? தொகை நுண்கணிதத்தின் மூலத்தாள்களில் எதை முதலில் எடுப்பது

தொகை நுண்கணிதம் எப்படி உருவானது என்பதை, அதை உருவாக்கியவர்களின் தாள்களையும் கடிதங்களையும் வைத்தே படித்துவிடலாம் என்று இறங்குபவர்கள் பலர் முதல் வாரத்திலேயே திகைத்துவிடுகிறார்கள். ஹனோவர் நூலகத்தில் லைப்னிட்ஸின் கடிதங்கள் மட்டுமே ஏறத்தாழ 15,000. நியூட்டனின் கணிதத் தாள்கள் அச்சில் 8 பருத்த தொகுதிகள். ஃபெர்மாவுக்கு 4 தொகுதிகள். அவற்றுக்குள் நுழைந்தால் ரோபர்வாலையும் பாஸ்கலையும் விட்டுவிட முடியாது. முதுகலை ஆய்வேட்டுக்கு ஆறு மாதம் வைத்திருப்பவர் ஆனாலும், மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கும் ஆசிரியர் ஆனாலும், மூன்றையும் சேர்த்துத் தொடங்கினால் எதையும் முடிக்க மாட்டார்.

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். எதை என்பது, உங்களுக்கு எது தெரிய வேண்டும், எந்த மொழி படிக்க வரும், எவ்வளவு பொறுமை இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

## எதை வைத்து எடை போடுவது

வேலைத்தாளா, கடிதமா? இதுதான் முதல் அளவுகோல். பலரும் கவனிக்காமல் விடுவதும் இதையே. கடிதத்துக்கு ஒரு வாசகர் உண்டு. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று எழுதுபவர் முடிவு செய்த பிறகே அது உறைக்குள் போகிறது. வேலைத்தாளுக்கு வாசகர் கிடையாது. தவறான வழியில் நான்கு வரி போய்த் திரும்பி வந்த தடம் அதில் மட்டும்தான் மிஞ்சும். எண்ணம் பிறந்த விதத்தைப் பார்க்க வேண்டுமானால் வேலைத்தாள்; எண்ணம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போன விதத்தைப் பார்க்க வேண்டுமானால் கடிதம்.

பதிப்பும் மொழியும். மூலம் பெரும்பாலும் லத்தீன், சில இடங்களில் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு. ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறதா, இருந்தால் யார் செய்தது, அவருக்கு ஏதாவது சாய்வு உண்டா என்று பார்க்க வேண்டும்.

முன்கூட்டித் தெரிய வேண்டிய கணிதம். பள்ளி மேல்நிலைக் கணிதம் மூன்றுக்கும் போதும். ஆனால் எந்தப் பகுதி என்பது மாறும்: ஒன்றுக்கு வடிவியல், ஒன்றுக்குத் தொடர்கள், ஒன்றுக்குக் குறியீட்டோடு பொறுமை.

தேதியை நம்பலாமா? நியூட்டனா லைப்னிட்ஸா, யார் முதலில் கண்டார் என்ற வழக்கு எழுந்த துறை இது. தாளின் மேல் எழுதிய தேதியை அப்படியே எடுத்துக்கொண்டால் பிசகும்.

கணக்கைத் தானே போட்டுப் பார்க்க முடியுமா? ஒரு தாளில் இருக்கும் முறையை எண்களை வைத்துச் சோதிக்க முடிந்தால், மொழிபெயர்ப்பு நழுவிய இடத்தைக் கணக்கே காட்டிக்கொடுக்கும்.

| | ஃபெர்மா, ரோபர்வால், பாஸ்கல் | நியூட்டன் | லைப்னிட்ஸ் |
|---|---|---|---|
| காலம் | 1636–1659 | 1664–1676 | 1673–1677 |
| தாளின் வகை | கடிதங்கள், அச்சிட்ட கடித வடிவக் கட்டுரைகள் | குறிப்பேடு, சுற்றுக்கு விட்ட கட்டுரை, கடிதம் மூன்றும் | நாள் இட்ட வேலைத்தாள்கள், கடிதங்கள் |
| மொழி | பிரெஞ்சு, லத்தீன் | லத்தீன், ஆங்கிலம் | லத்தீன் |
| ஆங்கிலத்தில் | துண்டு துண்டாக | ஏறக்குறைய முழுமையாக | முக்கியமான தாள்கள் மட்டும் |
| குறியீட்டுச் சுமை | குறைவு; எல்லாம் சொற்கள் | நடுத்தரம் | அதிகம் |
| எண் வைத்துச் சோதிக்க | மிக எளிது | எளிது | கொஞ்சம் தந்திரம் வேண்டும் |
| பெரிய பொறி | நீண்ட வாக்கியங்கள் | பின்னாளில் ஏறிய திருத்தங்கள் | மொழிபெயர்ப்பாளரின் சாய்வு |

கீழே மாறியைக் குறிக்கப் ‘ப’ என்ற எழுத்தை வைத்துக்கொள்வோம்.

## ஃபெர்மா, ரோபர்வால், பாஸ்கல்: சொற்களால் மட்டுமே நடந்த தொகையிடல்

குறியீடு பிறப்பதற்கு முன் தொகையிடல் எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோருக்கு இந்தக் கட்டு. 1636 செப்டம்பர், அக்டோபரில் ஃபெர்மாவும் ரோபர்வாலும் எழுதிக்கொண்ட கடிதங்களில், உயர்படிப் பரவளையங்களின் பரப்பு எதைச் சார்ந்து நிற்கிறது என்பது ஒரே ஒரு சமனின்மையில் அடங்கிவிடுகிறது. முதல் பல எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும் தொகை, கடைசி எண்ணின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடப் பெரிது. கடைசி வர்க்கத்தை விட்டுவிட்டுக் கூட்டினால் அதைவிடச் சிறிது. 10 வரை போட்டுப் பார்க்கலாம்: 385, 333.3, 285. 100 வரை போனால் 3,38,350, 3,33,333, 3,28,350. இடைவெளி ஒப்பளவில் சுருங்குகிறது. ப² என்ற வளைவரைக்குக் கீழுள்ள பரப்பு ஏன் ப³/3 என்பதற்கு இந்த இரண்டு வரியே விடை. வகுப்பறைக்கு அப்படியே எடுத்துப்போகலாம்.

ஃபெர்மா பின்னாளில் இதைவிட அழகான வழி ஒன்றைக் கண்டார். 1658–59 வாக்கில் எழுதியது. அவர் இறந்த பின் 1679இல் அச்சானது. அச்சைச் சம துண்டுகளாக வெட்டாமல் பெருக்குத்தொடராக வெட்டுவதுதான் தந்திரம். 1/ப² என்ற வளைவரையை 1இலிருந்து முடிவில்லாமல் நீட்டுங்கள். வெட்டும் புள்ளிகளை 1, 1.1, 1.21 என்று 1.1 மடங்காக வைத்தால், இடது முனை உயரத்தில் எழுப்பிய செவ்வகங்களின் மொத்தம் சரியாக 1.1, வலது முனை உயரத்தில் எழுப்பினால் 1/1.1. மடங்கை 1.01 ஆக்கினால் 1.01, 1/1.01. பரப்பு 1ஐத் தவிர வேறெதுவாகவும் இருக்க வழியில்லை. இதே முறையை 1/ப என்ற சாதாரண அதிபரவளையத்துக்குப் போட்டால் ஒவ்வொரு செவ்வகமும் ஒரே பரப்பாக வந்து கூட்டல் நிற்கவே நிற்காது. அந்த ஒன்றை மட்டும் ஃபெர்மா விதிவிலக்காகத் தனியே ஒதுக்கிவைத்தார்.

பாஸ்கல் எழுதியது வேறு தினுசு. 1658இல் சைக்ளாய்டு (உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் வளைவரை) பற்றிப் பெயர் சொல்லாமல் ஒரு பரிசுப் போட்டி அறிவித்து, அதன் தொடர்ச்சியாக அமோஸ் டெட்டன்வில் என்ற புனைபெயரில், நண்பர் கார்கவிக்கு எழுதிய கடித வடிவில் தன் தீர்வுகளை அச்சிட்டார். ஒரு சூத்திரம்கூட இல்லை, எல்லாமே வாக்கியம். அதில் கால்வட்டத்தின் சைன்கள் பற்றிய சிறு கட்டுரை ஒன்றுதான் நமக்கு முக்கியம். ஒரு வில்லின் சைன்களை எல்லாம் கூட்டினால், அடித்தளத்தில் அந்த வில் பிடிக்கும் நீளத்தை ஆரத்தால் பெருக்கியது கிடைக்கும் என்கிறார். ஆரம் 1, கோணம் 30 பாகையிலிருந்து 90 வரை என்று கொண்டு, 10 பாகைத் துண்டுகளின் நடுவில் (35, 45, … 85) சைன்களை எடுத்துத் துண்டின் வில்நீளம் 0.1745ஆல் பெருக்கிக் கூட்டினால் 0.8671. அடித்தள நீளம் 0.8660. ஆறே துண்டில் இவ்வளவு நெருக்கம்.

இந்தக் கட்டின் மறைமுகச் செலவு வாக்கியங்களில் இருக்கிறது. ‘எல்லாக் கோடுகளின் கூட்டுத்தொகை’ என்று வரும் இடத்தில் கோடுகளைக் கூட்டினால் எப்படிப் பரப்பு வரும் என்று தடுமாறுவீர்கள். கோட்டைச் சொன்னாலும் தான் கருதுவது சிறு சம துண்டின் மேல் நிற்கும் செவ்வகத்தையே என்று பாஸ்கல் முன்னமேயே சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் பத்தியைத் தாண்டிக் குதித்தவர்கள் அப்புறம் நெடுநேரம் அலைய வேண்டும். இன்னொன்று, எந்தத் துண்டுகள் சமம் என்பது இடத்துக்கு இடம் மாறும். மேலே உள்ள கணக்கில் சமமானவை வில் துண்டுகள். அடித்தளத்தைச் சமமாக வெட்டிவிட்டால் விடை வேறு.

ஃபெர்மாவின் தொகுப்பை டானெரியும் ஆன்ரியும் 1891 முதல் வெளியிட்டார்கள். காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசம். லத்தீன் பகுதிகளுக்கு மூன்றாம் தொகுதியில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு இருக்கிறது. பிரெஞ்சும் வராது என்றால், ஸ்ட்ரூயிக் 1969இல் தொகுத்த மூலநூல் திரட்டில் ஃபெர்மா, பாஸ்கல் இருவரின் முக்கியப் பக்கங்களும் ஆங்கிலத்தில் உண்டு.

ரோபர்வாலிடமிருந்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பாரிஸில் அவர் வகித்த ராமுஸ் பேராசிரியர் பதவிக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை திறந்த போட்டி நடக்கும். வினாக்களை வைப்பவரும் அவரே. கையில் இருக்கும் முறையை வெளியிட்டுவிட்டால் அடுத்த முறை எதை வைத்து வெல்வது? அதனால் பலவற்றைப் பூட்டியே வைத்தார்.

## நியூட்டன்: கணக்குப் போடப் பிடித்தவர்களுக்கு

நியூட்டனின் தாள்கள் மூன்று அடுக்கு. அடியில் 1664–66 காலக் குறிப்பேடுகள். அவற்றுள் ஒன்று மாற்றாந்தந்தை பார்னபஸ் ஸ்மித்திடமிருந்து வந்த பெரிய வெற்றுப் புத்தகம். நடுவில் 1669ஆம் ஆண்டின் ‘டி அனாலிசி’ கட்டுரை. மேலே 1676இல் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஓல்டன்பர்க் வழியாக லைப்னிட்ஸுக்குப் போன இரண்டு கடிதங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் குறிப்பேடுகளின் படங்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. படத்தைப் பார்த்ததும் பலர் அடியிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். சுருக்கெழுத்து லத்தீனும், அடித்துத் திருத்திய வரிகளும், தலைகீழாகத் திருப்பி எழுதிய பக்கங்களும் அவர்களைத் தடுத்து நிறுத்திவிடுகின்றன. மேலிருந்து கீழே போவதுதான் சரி: முதலில் இரண்டாம் கடிதம், அப்புறம் ‘டி அனாலிசி’, கடைசியில் குறிப்பேடு.

1676 அக்டோபர் 24 நாளிட்ட அந்த இரண்டாம் கடிதத்தில், ஈருறுப்புத் தொடரை எப்படிக் கண்டேன் என்று நியூட்டன் படிப்படியாகச் சொல்கிறார். ஆங்கிலேயக் கணிதவியலாளர் வாலிஸின் நூலைப் படித்துக்கொண்டிருந்தபோது அவர் பார்த்தது இந்தப் பட்டியல்:

(1 − ப²) என்பதன் 0ஆம் அடுக்கின் பரப்பு: ப
1ஆம் அடுக்கின் பரப்பு: ப − ப³/3
2ஆம் அடுக்கின் பரப்பு: ப − 2ப³/3 + ப⁵/5
3ஆம் அடுக்கின் பரப்பு: ப − 3ப³/3 + 3ப⁵/5 − ப⁷/7

வட்டம் இருப்பது 0க்கும் 1க்கும் நடுவே, ½ ஆம் அடுக்கில். இரண்டாம் உறுப்பின் கெழுக்கள் 0, 1, 2, 3 என்று கூட்டுத்தொடராகப் போகின்றன, அப்படியானால் நடுவில் ½. மீதி எண்கள் எப்படி வரும்? முழு அடுக்குகளில் 1, 3, 3, 1 போன்ற வரிசைகளை முதல் எண்ணிலிருந்தே எடுத்துவிடலாம்: ம என்று தொடங்கி (ம−1)/2, (ம−2)/3, (ம−3)/4 என்று பெருக்கிக்கொண்டே போனால் போதும். ம = ½ என்று துணிந்து போட்டால் ½, −⅛, 1/16, −5/128. ஆக வட்டத்தின் பரப்பு:

ப − (1/2)ப³/3 − (1/8)ப⁵/5 − (1/16)ப⁷/7 − (5/128)ப⁹/9 − …

இங்கேயே நிறுத்திப் பேனாவை எடுக்க வேண்டும். ப = 1 என்று போட்டால் ஐந்து உறுப்பில் 0.79506, நான்கால் பெருக்கினால் 3.180. மோசம். ப = ½ என்று போட்டால் 0.478307, அதிலிருந்து முக்கோணத்தின் பரப்பு 0.216506ஐக் கழித்தால் மிஞ்சுவது 30 பாகை வட்டத்துண்டு; அதை 12ஆல் பெருக்கினால் 3.14161. அதே ஐந்து உறுப்புதான். தொடர் ஒன்றைக் கண்டுபிடிப்பதும் அதைப் பயன்படும் இடத்தில் வைப்பதும் தனித்தனிக் கலைகள் என்பது இந்த ஒரு கணக்கில் புரிந்துவிடும். இது முதலில் வெறும் ஊகம்தான். தொடரைத் தன்னாலேயே பெருக்கி 1 − ப² வருகிறதா என்றும், வர்க்கமூலம் எடுக்கும் சாதாரண முறையிலும் நியூட்டன் சரிபார்த்துக்கொண்டார். நிரூபணம் என்று நாம் இன்று சொல்வது அங்கே இல்லை.

‘டி அனாலிசி’யில் மூன்று விதிகள்: அடுக்கின் பரப்பு, கூட்டலின் பரப்பு, மற்ற எதுவாக இருந்தாலும் வகுத்தோ மூலம் எடுத்தோ தொடராக்கிவிடுவது. கட்டுரையின் கடைசியில் முதல் விதிக்குக் காரணம் சொல்கிறார். பரப்பு ச என்றும், ச² = (4/9)ப³ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ப-உடன் ஒரு சிறு அளவு ஓ கூடினால், பரப்புடன் ஓ × உயரம் கூடும். இரண்டையும் சமன்பாட்டில் போட்டுப் பழையதைக் கழித்து, ஓ-வால் வகுத்து, இன்னும் ஓ ஒட்டியிருக்கும் உறுப்புகளை விட்டுவிட்டால் (4/3)ப² = 2 × ச × உயரம். அதாவது உயரம் √ப. பரப்பிலிருந்து உயரத்துக்கு, தொகையிலிருந்து வகைக்கு என்று எதிர்த்திசையில் நடந்தே விதியை நிறுவுகிறார். தொகையிடலும் வகையிடலும் ஒன்றையொன்று அவிழ்ப்பவை என்பது இந்தப் பக்கத்தில் கண்முன் நிற்கிறது.

இந்தக் கட்டுரையை அவர் எழுதி வெளியே விட்டதற்குக் காரணம் கணிதவியலாளர் நிக்கோலஸ் மெர்காட்டரின் 1668ஆம் ஆண்டு நூல். அதில் அதிபரவளையத்தின் பரப்புக்கு ஒரு தொடர் இருந்தது. தன்னிடம் இருப்பதை வேறொருவர் முந்திக்கொண்டு அச்சிடுகிறாரே என்ற பதற்றம். கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் பாரோ அதை 1669 ஜூலையில், லண்டனில் கணிதச் செய்திகளைக் கடிதம் வழியே பரிமாறிவந்த காலின்ஸுக்கு அனுப்பினார். ஆசிரியரின் பெயரைச் சொன்னது ஆகஸ்டில்தான். அச்சானது 1711இல்.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் கூடுதல்.

முதலாவது, குறியீடு. எழுத்தின் மேல் புள்ளி வைக்கும் நியூட்டன் பாணி 1690களில்தான் வந்தது. 1671இல் எழுதிய நூலை 1736இல் கோல்சன் ஆங்கிலத்தில் அச்சிட்டபோது அந்தப் புள்ளிகள் ஏறிவிட்டன. அந்தப் பதிப்பை வைத்துக்கொண்டு 1671லேயே புள்ளிக்குறி இருந்தது என்று ஆய்வேட்டில் எழுதினால் முதல் வாசிப்பிலேயே பிடிபடும்.

இரண்டாவது, நினைவு. 1665 கோடையில் கொள்ளைநோய்க்குப் பயந்து கேம்பிரிட்ஜை விட்டுப் போயிருந்தபோது அதிபரவளையத்தின் பரப்பை 52 இலக்கம் வரை கணக்கிட்டதாகக் குறிப்பேட்டில் ஒரு வரி உண்டு. கணக்கு உண்மை, வரியை எழுதியது 1699இல். இளமைக்காலத் தாளும் முதுமைக்கால நினைவும் ஒரே குறிப்பேட்டில் கலந்து கிடக்கின்றன.

மூன்றாவது, கடிதம் மறைப்பது. அதே இரண்டாம் கடிதத்தில் மையமான முறையை எழுத்துகளைக் கலைத்து எண்ணிக்கையாக்கிப் புதிராக எழுதியிருக்கிறார். அவிழ்த்தால், பாயும் அளவுகள் கொண்ட சமன்பாட்டிலிருந்து அவற்றின் வேகங்களைக் காண்பதும் அதன் மறுதலையும் என்று வரும். அவிழ்த்தாலும் முறை கிடைக்காது. அது தனக்குத் தெரியும் என்பதற்கான முத்திரை, அவ்வளவே.

பதிப்புகளில் குறையில்லை. வைட்சைட் பதிப்பித்த 8 தொகுதிகள் (1967–1981) லத்தீனும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில். முதல் இரண்டு தொகுதிகள் போதும். டர்ன்புல் தொடங்கிய கடிதத் தொகுப்பில் இரண்டாம் தொகுதியில் 1676 கடிதங்கள் மொழிபெயர்ப்போடு உள்ளன. வைட்சைட்டின் அடிக்குறிப்புகள் சில பக்கங்களில் மூலத்தையே விழுங்கிவிடும். முதல் வாசிப்பில் அவற்றைத் தொட வேண்டாம்.

## லைப்னிட்ஸ்: எண்ணம் பிறப்பதைப் பார்க்க விரும்புபவர்களுக்கு

ஒரே ஒரு கட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது, கொஞ்சம் கடினமானாலும் பரவாயில்லை என்றால், லைப்னிட்ஸ் பாரிஸில் 1675 அக்டோபர் 25 முதல் நவம்பர் 21 வரை எழுதிய தாள்களைத்தான் எடுக்கச் சொல்ல வேண்டும். ஒரு குறியீடு பிறப்பதையும், அதை வைத்து ஒருவர் தவறு செய்வதையும், அதே தாளில் அதைத் திருத்துவதையும் நாள்வாரியாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் கணித வரலாற்றில் அரிது.

வரிசை இப்படி இருக்கட்டும். முன்னுரையாகப் பாஸ்கலின் சைன் கட்டுரை. லைப்னிட்ஸ் தன் சிறு முக்கோணத்தை (வளைவரையின் மிகச் சிறு துண்டைக் கர்ணமாகக் கொண்டது) 1673இல் அங்கிருந்துதான் எடுத்தார். அப்புறம் அக்டோபர் 26, 29, நவம்பர் 11, 21 ஆகிய நான்கு தாள்கள்.

திறப்பதற்கு முன் குறியீட்டுப் பட்டியல் ஒன்றை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ⊓ என்பது சமக்குறி. எழுத்துகளின் மேல் இழுத்த கோடும், இடையில் வரும் காற்புள்ளிகளும் அடைப்புக்குறிகள். ‘ஓம்ன்.’ என்பது ‘எல்லாம்’ என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லின் சுருக்கம், அதாவது தொகை. ‘உல்ட்.’ என்பது கடைசி. 1 என்ற அலகு சில இடத்தில் ஓர் எழுத்தாக நிற்கும், சில இடத்தில் காணாமலே போகும். பரிமாணம் பொருந்தவில்லையே என்று தோன்றினால் அங்கே அலகு விடுபட்டிருக்கிறது.

அக்டோபர் 26ஆம் நாள் தாளில், தூரத்தால் பெருக்கிய அளவுகளின் தொகை = கடைசித் தூரம் × அளவுகளின் தொகை − தொகைகளின் தொகை என்று ஒரு வரி. பகுதித் தொகையிடல் சூத்திரம்தான். எண் வைத்துப் பார்க்கலாம்: தூரம் 1, 2, 3, அளவு 5, 3, 2. இடப்பக்கம் 5 + 6 + 6 = 17. வலப்பக்கம் 3 × 10 = 30; அதிலிருந்து இடைத்தொகைகள் 5, 8 இரண்டையும் கழித்தால் 17. பலர் வழுக்கும் இடம் இது: கடைசித் தொகை 10ஐயும் சேர்த்துக் கழித்தால் 7 வந்து, சூத்திரமே தவறு என்று தோன்றும். துண்டுகள் மிகச் சிறிதானால் அந்த ஓர் உறுப்பு ஒரு பொருட்டல்ல என்பதால் லைப்னிட்ஸ் அதைச் சட்டைசெய்யவில்லை. சிறு எண்களில் சோதிக்கும் நாம்தான் கவனிக்க வேண்டும்.

அக்டோபர் 29இல், ‘ஓம்ன்.’ என்பதற்குப் பதில் ∫ என்று எழுதினால் வசதி என்கிறார். தொகை என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டி எழுதியது அது. அதே தாளில், ∫ பரிமாணத்தை ஏற்றும். அப்படியானால் அதன் எதிர்வினை இறக்க வேண்டும் என்று ‘டி’ என்ற எழுத்தைக் கொண்டுவருகிறார். இறக்குவது என்பதால் அதை வகுக்கும் இடத்தில், கோட்டுக்குக் கீழே எழுதுகிறார். இன்றைய கண்ணுக்கு இது அச்சுப்பிழை போலத் தெரியும், பிழை இல்லை. நவம்பர் 11 தாளில்தான் ‘டி’ மேலே ஏறி இன்றைய வடிவம் பெறுகிறது.

அந்த நவம்பர் 11 தாள்தான் இந்தக் கட்டின் உச்சம். பெருக்கலின் வகையும் வகைகளின் பெருக்கலும் ஒன்றா என்று கேட்கிறார். முதலில் ஒன்றுதான் என்று எழுதிவிடுகிறார். பிறகு ஓர் எடுத்துக்காட்டு ஒத்துவராமல் போகிறது. மேலே ஒன்றுதான் என்று சொன்னேன், நிரூபணமானது போலவும் தோன்றியது, இது கடினமான இடம் என்று அங்கேயே எழுதி, இரண்டும் ஒன்றல்ல என்று முடிக்கிறார். பத்து நாள் கழித்து, நவம்பர் 21 தாளில் சரியான பெருக்கல் விதி. முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் செய்யும் தவறு அது என்பதால், வகுப்பில் காட்டுவதற்கு இதைவிட நல்ல தாள் கிடையாது.

செலவுகளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இந்தத் தாள்களைத் தருவது சைல்டின் 1920ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு, இணையத்தில் இலவசம். ஆனால் சைல்ட் அதற்கு முன் பாரோவின் வடிவியல் விரிவுரைகளை மொழிபெயர்த்தவர். நுண்கணிதத்தை முதலில் கண்டவர் பாரோவே என்ற முடிவில் உறுதியாக இருந்தவர். அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு லைப்னிட்ஸ் பாரோவிடம் பட்ட கடனைத் தேடிக்கொண்டிருப்பார். மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு குறிப்புகளை ஒரு பக்கத் தரப்பு வாதமாகப் படித்தால் போதும். நூலின் முற்பகுதி லைப்னிட்ஸ் வயதான பின் எழுதிய நினைவுரைகள்; அவற்றைத் தாண்டி நேரே 1675 தாள்களுக்குப் போய்விட வேண்டும்.

சைல்ட் பயன்படுத்தியது, லைப்னிட்ஸின் தாள்களைப் பதிப்பித்த கெர்ஹார்டின் 19ஆம் நூற்றாண்டுப் படியெடுப்பு. பிழை நீக்கிய மூலம், லைப்னிட்ஸின் எழுத்துகள் அனைத்தையும் தொகுக்கும் ஜெர்மன் அகாதமிப் பதிப்பின் ஏழாம் வரிசை, ஐந்தாம் தொகுதியில் (2008) இருக்கிறது. அடித்த வரிகள் அனைத்தும் அடிக்குறிப்பில் வந்துவிடும். குறிப்புகள் ஜெர்மனில், மூலம் லத்தீனில், மொழிபெயர்ப்பு இல்லை. பொருளுக்குச் சைல்ட், எதை அடித்தார் என்று பார்க்க அகாதமிப் பதிப்பு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதே நடைமுறை.

தேதியும் பார்க்க வேண்டும். நவம்பர் 11 தாளில் 1675 என்பது பிற்பாடு 1673 ஆக மாற்றப்பட்டிருக்கிறது. கடைசி இலக்கத்தில் கைவைத்த தடம் தெரிகிறது. பதிப்பாசிரியர்கள் 1675 என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தாளின் படத்தை மட்டும் பார்த்து எழுதுபவர் இரண்டாண்டு தவறிவிடுவார்.

## யாருக்கு எது

கல்லூரியில் பாடம் நடத்துபவர், ஒரு பருவத்தில் இரண்டு வகுப்பு மட்டும் வரலாற்றுக்கு ஒதுக்க முடியும் என்றால் ஃபெர்மாவின் பெருக்குத்தொடர் முறை. ஒரு வகுப்பில் முடியும், குறியீட்டுப் பயிற்சி வேண்டாம்.

கணினியில் எண்முறைக் கணக்குப் பழகியவருக்கு நியூட்டன் வீட்டுக்கு வந்தது போல இருக்கும். தொடர் எங்கே வேகமாக ஒடுங்கும், எங்கே ஒடுங்காது என்ற கவலைதான் அவர் தாள்கள் முழுவதும்.

முதுகலை ஆய்வேட்டுக்கு லைப்னிட்ஸ். நான்கு தாள், நான்கு தேதி, இரண்டு பதிப்பு என்று எல்லை தெளிவாக இருப்பதால் ஆறு மாதத்தில் முடியும். ஆய்வேட்டுக்கு நியூட்டன் என்று எடுப்பவர்கள் எல்லையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறுவார்கள். அப்படியே எடுத்தாலும் இரண்டாம் கடிதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பள்ளி ஆசிரியருக்கு வார இறுதி மட்டும்தான் நேரம் என்றால் இந்த மூன்றும் வேண்டாம். ஆர்க்கிமிடீஸ் எரட்டோஸ்தனிஸுக்கு எழுதிய கடிதம் போதும். 1906இல் ஹைபெர்க் கண்டெடுத்தது, ஹீத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1912இல் வந்தது. பரவளையத் துண்டை நெம்புகோலில் தொங்கவிட்டு, அது உள்முக்கோணத்தைப் போல் மூன்றில் நான்கு பங்கு என்று காட்டும் முதல் தேற்றத்தைக் கரும்பலகையில் அரைமணி நேரத்தில் முடிக்கலாம்.

யுக்திபாஷையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய அந்த நூலில், மேலே ஃபெர்மா பகுதியில் பார்த்த அதே அடுக்குத்தொகை மதிப்பீடு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விளக்கத்தோடு இருக்கிறது. அதைக் கொண்டே வட்டத்தின் தொடர் நிறுவப்படுகிறது. ஆனால் அது முடிந்த பாடநூல். வரைவோ கடிதமோ நம் கைக்கு வரவில்லை. எண்ணம் தடுமாறிய தடத்தைத் தேடுபவருக்கு அங்கே கிடைக்காது. முடிந்த விளக்கத்தைத் தேடுபவருக்குக் கே. வி. சர்மாவின் மொழிபெயர்ப்பு (2008) இந்த மூன்று கட்டுகளையும்விட எளிதாகவே இருக்கும்.

## சண்டையைப் பார்க்க வருபவர்களுக்கு

யார் முதலில் கண்டார் என்ற வழக்குக்காகத்தான் வருகிறேன் என்பவர் முதலில் தேடிப்போவது ‘கொமெர்சியம் எபிஸ்டோலிகம்’ என்ற கடிதத் தொகுப்பை. லண்டன் ராயல் சொசைட்டி 1712இல் அச்சிட்டது. அதை முதலில் எடுக்கவே கூடாது. நடுநிலைக் குழு என்ற பெயரில் வந்தாலும், பின்னால் இருந்து நடத்தியவர் சொசைட்டியின் தலைவரான நியூட்டனே. 1715இல் அதைப் பாராட்டிப் பெயரில்லாமல் வந்த நீண்ட மதிப்புரையும் அவர் எழுதியதுதான். கடிதங்கள் உண்மையானவை, தேர்வும் அடிக்குறிப்பும் வழக்கறிஞரின் வேலை. தொடுகோட்டு முறை பற்றி 1672 டிசம்பர் 10இல் நியூட்டன் காலின்ஸுக்கு எழுதிய கடிதம் லைப்னிட்ஸுக்குப் போனதாக அதில் வாதம். உண்மையில் போனது சுருக்கம்.

வழக்கைப் படிப்பவர் இரண்டு நாள்காட்டிகளையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் தேதி அப்போது கண்டத்துக்கு 10 நாள் பின்னால். ஆண்டும் மார்ச் 25இல்தான் பிறக்கும். நியூட்டனின் அக்டோபர் 24 பாரிஸில் நவம்பர் 3. இதைத் திருத்தாமல் ‘கடிதம் வந்தது, பதில் போனது’ என்று நாள் எண்ணுபவர்கள் தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

அந்தக் கடிதம் எழுதப்படுவதற்குச் சில நாள் முன்பு வரை லைப்னிட்ஸ் லண்டனிலேயே இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. கண்டத்து நாள்காட்டிப்படி அக்டோபர் 18இலிருந்து 29 வரை அங்கே தங்கி, காலின்ஸிடம் ‘டி அனாலிசி’யின் படியைப் பார்த்துக் குறிப்பும் எடுத்தார். கடிதமோ அடுத்த ஆண்டு மேயில்தான் அவருக்கு அனுப்பப்பட்டது. 1677 ஜூன் 21இல் அவர் எழுதிய பதிலில் தன் வகையிடல் முறையைத் திறந்தே காட்டினார். செப்டம்பரில் ஓல்டன்பர்க் இறந்துபோனதோடு அந்தப் போக்குவரத்து அறுந்தது. லண்டனில் எடுத்த குறிப்புகள் ஹனோவரில் பிழைத்திருக்கின்றன. லைப்னிட்ஸ் நகலெடுத்தது தொடர்களைப் பற்றிய பகுதிகளை. பரப்பு விதிகளை அவர் எழுதிக்கொள்ளவில்லை. ∫ எழுதத் தொடங்கி அதற்குள் ஓராண்டு ஆகியிருந்தது.